சூடு காட்டிய ரத்தம்

தாணுமாலயன் கத்தி பிடித்த டாக்டர். நாகர்கோவில் பக்கத்தில் குடல்வாலை இழந்தவர்களில் பாதிப் பேர் அதை அவரிடம்தான் இழந்தார்கள். ஓய்வு பெற்றாயிற்று. கையில் வேலை இல்லை. குரலில் அதிகாரம் மட்டும் மிச்சம் இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து நின்றார். அந்தக் கூடத்துக்குப் பொறுப்பு டாக்டர் ஜெசிந்தா. மருத்துவக் கல்லூரியில் அவரிடம் படித்தவர். வயதில் அவருடைய மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர், அவ்வளவுதான்.

"ஜெசிந்தா, எனக்குச் சொல்லிக் கொடு."

"எதை சார்?"

"ரத்தத்தை."

"ஆயுசு பூரா அதுல கை நனைச்சிருக்கீங்க."

"நனைச்சேன். படிக்கல்ல."

ஜெசிந்தா ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார். சாய இடமில்லாத ஸ்டூல். தாணுமாலயன் அதைப் பார்த்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியையும் பார்த்தார்.

"அது டாக்டருக்கு. படிக்க வந்தவங்களுக்கு இது" என்றார் ஜெசிந்தா.

தாணுமாலயன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவர் இப்படி இறங்கி வந்ததற்குக் காரணம் மாடியில் படுத்திருந்தது. பேத்தி வேணி. பதினொரு வயது. மூளைக்காய்ச்சல், மூளையை மூடியிருக்கும் உறையில் கிருமி. இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தபோது, யாருக்கும் வரலாம் என்றார்கள். இரண்டாவது தடவை அதே கிருமி வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். பிழைத்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள், கட்டிலில் உட்கார்ந்து காலாட்டுகிறாள். மூன்றாவது தடவை வந்தால் என்ன ஆகும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. பதில் தெரிந்த தொழில்.

வேணி பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடுகிறவள். ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. மாவட்ட அணிக்கு எடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் பயிற்சி முகாம். ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள், ஒரு பாட்டில் தண்ணீரைப் பத்துப் பேர் வாய் வைத்துக் குடிப்பார்கள். போகலாமா என்று அவளுடைய அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"முகாமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. வீட்டுக்கு வாத்தியார் வருவார்" என்று சொல்லிவிட்டார் தாணுமாலயன். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைத் தேடித்தான் வந்திருந்தார்.

"வெள்ளையணு சரியா இருக்கு. ஆன்டிபாடி சரியா இருக்கு. மண்ணீரல் இருக்கு, ஸ்கேன்ல நானே பாத்தேன். பின்னே எதுதான் இல்லை?"

"கூடமாட நிக்கிறது இருக்கான்னு பாத்தீங்களா?"

"எது அது?"

"காம்ப்ளிமென்ட்."

தாணுமாலயன் முகத்தைச் சுளித்தார். எப்போதோ ஒரு பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பெயர். எழுதின கையோடு மறந்த பெயர்.

"அது எடுபிடி இல்லா? ஆன்டிபாடிக்குக் கையாள்."

"அப்படித்தான் முதல்ல நினைச்சாங்க. பேரும் அப்படியே வச்சுட்டாங்க" என்றார் ஜெசிந்தா. "கல்லீரல் செஞ்சு அனுப்புற புரதம் சார். ஒரு கூட்டமே இருக்கு. ரத்தத்துல சும்மா சுத்திட்டே இருக்கும். ஒண்ணு முழிச்சா அடுத்ததை எழுப்பும். அது அடுத்ததை எழுப்பும். கடைசியா முழிக்கிறது எல்லாம் சேந்து கிருமி தோல்ல ஓட்டை போடும்."

"ஓட்டை போடுமா?" கத்தி பிடித்தவருக்கு அது பிடித்திருந்தது.

"போடும்."

"வேணிகிட்ட அது இருக்கான்னு எப்படிப் பாக்க?"

ஜெசிந்தா ஒரு புட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். உள்ளே கலங்கின சிவப்பு.

"செம்மறியாட்டு ரத்தம். சிவப்பணுவை மட்டும் கழுவி எடுத்து, அது மேல ஆன்டிபாடியை ஒட்டி வச்சிருக்கேன். இதுல மனுஷ சீரத்தை விடுங்க. காம்ப்ளிமென்ட் இருந்தா அணு எல்லாம் உடையும். கலங்கல் போய்க் குழாய் தெளிஞ்ச சிவப்பா ஆயிடும்."

"இல்லைன்னா?"

"உடையாது. அணு முழுசா அடியில போய் உக்காந்துக்கும். மேல வெறும் தண்ணி நிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு குழாய் வேணிக்கு. பக்கத்துல வச்சுப் பாக்க நல்லா இருக்கிற ஆளோட குழாய் ஒண்ணு."

தாணுமாலயன் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"என்னை எடு. நான் காய்ச்சல்னு படுத்ததே கிடையாது."

ஜெசிந்தா அவரிடமிருந்து ரத்தம் எடுத்தார். வேணியின் ரத்தம் காலையிலேயே வந்திருந்தது. ரத்தம் உறைந்து, மேலே சீரம் மஞ்சளாகத் தெளிந்தது. அதைப் பிரித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று ஜெசிந்தா போய்விட்டார்.

இங்கேதான் தப்பு நடந்தது.

தாணுமாலயன் சூடு காட்டாத எதையும் தொடாதவர். கத்தி, கத்தரி, ஊசி, நூல், எல்லாவற்றுக்கும் முதலில் சூடு. வீட்டில் தயிர்க் கரண்டியைக்கூட வெந்நீரில் முக்கித்தான் எடுப்பார். மேஜையின் ஓரத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி இருந்தது. ஐம்பத்தாறு டிகிரி என்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் படித்த காலம் நினைவுக்கு வந்தது. மேகநோய்ச் சோதனை செய்யும்போது சீரத்தை இப்படி ஒரு தொட்டியில்தான் அரைமணி நேரம் வைக்கச் சொன்னார்கள். எதற்கு என்பது மறந்துபோயிருந்தது. வைத்தார். வேணியுடையதை முழுசாக வைத்தார். தன்னுடையதில் கொஞ்சம் எடுத்து வைத்தார். மிச்சத்தை ஐஸில் விட்டார்.

அரைமணி கழித்து எடுத்து, சுத்தமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆட்டு ரத்தத்தோடு கலந்தார். காத்திருந்தார்.

ஜெசிந்தா திரும்பி வந்தபோது ஸ்டூலில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். காலையில் வந்தவர் இல்லை.

"என்ன சார்?"

அவர் கையைக் காட்டினார். இரண்டு குழாய்கள். இரண்டிலும் அணு அடியில் போய்ப் பொட்டு வைத்தது போல உட்கார்ந்திருந்தது. மேலே வெறும் தண்ணீர்.

"அவகிட்ட இல்லை. என்கிட்டயும் இல்லை."

ஜெசிந்தா குழாய்களைப் பார்த்தார்.

"என்கிட்ட இருந்துதான் போயிருக்கு" என்றார் தாணுமாலயன். "எங்க அக்கா மகனுக்குத்தான் என் மகளைக் கட்டிக் கொடுத்தேன். வெளியில நல்ல இடம் வந்துது. நான்தான் சொந்தம் விட்டுப் போகண்டாம்னு ஒத்தக்கால்ல நின்னேன். ரெண்டு பக்கமும் எங்க ரத்தம். ரெண்டு பக்கமும் குறை. எல்லாம் அந்தச் சின்னது தலையில விழுந்திருக்கு."

ஜெசிந்தா அவருடைய குழாயை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"காய்ச்சல்னு படுத்ததே இல்லைன்னீங்க."

"இல்லை."

"அப்புறம் எப்படி சார் உங்ககிட்ட இல்லாம இருக்கும்? சீரத்தை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல்ல. முறைப்படிதான் வச்சிருந்தேன்."

"எதுல?"

தொட்டியைக் காட்டினார்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

"ஆன்டிபாடி சூடு தாங்கும் சார். இது தாங்காது. அந்தத் தொட்டியில அரைமணி போதும்."

"அந்தக் காலத்துல ஏன் வைக்கச் சொன்னாங்க?"

"சோதனையில இது குறுக்க வரக் கூடாதுன்னு. இதைக் கொல்லத்தான் அந்தச் சூடு. நீங்க தேட வந்ததைக் கொன்னுட்டு, காணோம் காணோம்னு தேடியிருக்கீங்க."

தாணுமாலயன் தொட்டியைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

ஜெசிந்தா அவருடைய குழாயை எடுத்துக் குலுக்கினார். அடியில் இருந்த அணு எழுந்து மறுபடியும் கலங்கியது. ஐஸில் மிச்சம் இருந்த அவருடைய சீரத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் விட்டார். குழாயை அவர் கையிலேயே கொடுத்தார்.

"உள்ளங்கையில வச்சு மூடுங்க. உடம்புச் சூடு போதும்."

அவர் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வண்டி நிறுத்துவதில் யாருக்கோ சண்டை. அது முடிந்தது.

"திறங்க."

திறந்தார். கலங்கல் இல்லை. மாதுளைச் சாறு போல, இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் விரல் தெரிந்தது.

"இருக்கு" என்றார் தாணுமாலயன்.

"இருக்கு."

"எடுபிடி."

"அதேதான்."

"வேணியோட குழாயிலயும் அப்படி ஒரு சொட்டு விடு. அவ சீரத்தை."

"மிச்சம் வச்சீங்களா?"

அவர் வைக்கவில்லை. மறுபடியும் எடுக்க வேண்டும்.

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். தாணுமாலயன் ஐஸ் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். வேணி கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக யாருக்கோ சைகை காட்டிக்கொண்டிருந்தாள். கீழே மரத்தடியில் அவளுடைய அணிப் பிள்ளைகள் இரண்டு பேர், ஷைனியும் பவிஷாவும். உள்ளே விடக் கூடாது என்று தாணுமாலயன்தான் வாசலில் சொல்லி வைத்திருந்தார்.

ஊசியைப் பார்த்ததும் வேணி கையைப் பின்னால் கட்டினாள்.

"பாட்டா, காலையிலதானே எடுத்தாங்க."

"அதை நான் கெடுத்துட்டேன் மக்கா."

"எப்படி?"

"சூடாக்கிட்டேன்."

வேணி அவரையே பார்த்தாள்.

"ரத்தத்தைப் போய் யாராவது சூடாக்குவாங்களா பாட்டா? அது என்ன ரசமா?"

"கேட்டுக்கோங்க சார்" என்றார் ஜெசிந்தா.

கையை நீட்டினாள். தாணுமாலயனே எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார், தேவைக்கு மேலேயே.

"கேம்புக்குள்ள எனக்குச் சரியாயிடும் இல்லா?" என்று கேட்டாள் வேணி. "என்னை முன்னாடி ஓட விடப்போறாங்க. ஷைனி சொன்னா."

தாணுமாலயன் பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. மறுபடியும் வைத்து அழுத்தினார்.

"பாட்டா, கேக்குதா?"

"கேக்குது."

பஞ்சை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கீழே வந்து ரத்தம் உறையக் காத்திருந்தார்கள். தாணுமாலயனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"ஜெசிந்தா, ஓட்டை போடும்னியே. எதுல போடணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? கிருமி எது, நம்ம அணு எதுன்னு யார் சொல்லிக் கொடுத்தா?"

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு பழைய கையுறைப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே மாவு தூவின ரப்பர்க் கையுறை. அதை அவர் தலைக்கு மேலே பிடித்து உதறினார். வெள்ளை மாவு மேஜை மேல் விழுந்தது. குழாய்கள் மேல் விழுந்தது. தாணுமாலயனின் வழுக்கையில் விழுந்தது.

அவர் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என்ன விளையாட்டு இது?"

"எதுக்கு சார் தட்டினீங்க?"

"மேல விழுந்தா தட்டண்டாமா?"

"மேஜை தட்டல்லியே."

தாணுமாலயன் மேஜையைப் பார்த்தார். மாவு விழுந்தபடியே கிடந்தது.

"காம்ப்ளிமென்டுக்கும் ஆள் தெரியாது சார். எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துட்டே இருக்கும். கிருமி மேல விழும். நம்ம அணு மேலயும் விழும். நம்ம அணு தட்டிவிட்டுடும். கிருமிக்குத் தட்டத் தெரியாது. அது மேல கொஞ்சம் படிஞ்சா, அதைப் பாத்து இன்னும் வந்து படியும். வெள்ளையணுவைக் கூப்பிடும். வெள்ளையணு வந்து அந்த மாவைப் பிடிச்சுத்தான் கிருமியை விழுங்கும். விழுங்க ஆள் வர்றதுக்குள்ள ஓட்டையும் விழும்."

"அப்ப இந்த நிமிஷம் என் மேலயும் உதிருது."

"உதிருது."

"நான் தட்டிக்கிட்டே இருக்கேன்."

"ஆமா. பிறந்ததுல இருந்து."

"தட்டத் தெரிஞ்ச கிருமி ஏதாவது உண்டா?"

ஜெசிந்தா குழாயைச் சாய்த்து, சீரம் பிரிந்துவிட்டதா என்று பார்த்தார்.

"உண்டு. மாடியில வேணிக்கு வந்துட்டுப் போச்சே, அது கொஞ்சம் தட்டும்."

இந்த முறை சூடு காட்டவில்லை. வேணியின் சீரம் ஐஸிலிருந்து நேராக ஆட்டு ரத்தத்துக்குப் போனது. பக்கத்தில் தாணுமாலயனின் சீரம். அவருடைய குழாய் தெளிந்தது. வேணியின் குழாயில் அணு அப்படியே கிடந்து, மெல்ல இறங்கி, அடியில் உட்கார்ந்தது.

அவர் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் குழாயை இரண்டு தடவை குலுக்கிப் பார்த்தார்.

ஜெசிந்தா இன்னும் இரண்டு சோதனை பார்த்தார். பிறகு இன்னொரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முதல்ல முழிக்கிறது எல்லாம் அவகிட்ட இருக்கு சார். படியுது. கூப்பிடுது. வெள்ளையணு வந்து விழுங்குது. கடைசியில ஓட்டை போடுற கூட்டத்துல ஒண்ணு இல்லை. எதுன்னு பெரிய கூடத்துக்கு அனுப்பிக் கேக்கணும். குறை இருக்கிற இடம் இதுதான்."

"மத்த கிருமி எல்லாம் அவளை ஒண்ணும் செய்யல்லியே."

"பெரும்பாலான கிருமிக்கு அந்த ஓட்டை அவசியமே இல்லை. இந்த ஒரு இனத்துக் கிருமிக்குத்தான் அது வேணும்."

தாணுமாலயன் தன்னுடைய சீரத்தை எடுத்தார். கேட்காமலே வேணியின் குழாயில் கொஞ்சம் விட்டார். உள்ளங்கையில் மூடிக்கொண்டார். ஜெசிந்தா தடுக்கவில்லை.

திறந்தபோது குழாய் தெளிந்திருந்தது.

"பாத்தியா" என்றார். "என்னுடையது போதும். இதை அவளுக்கு ஏத்து. எவ்வளவு வேணுமோ எடு."

"ஏத்தலாம். சில நாள்ல கரைஞ்சு போயிடும்."

"திரும்ப எடு."

"அதுவும் கரையும்."

"திரும்பவும் எடு."

"நீங்க இருக்கிற வரைக்குமா சார்?"

தாணுமாலயன் குழாயை அதன் இடத்தில் வைத்தார். நேராக நிற்கிறதா என்று பார்த்தார்.

"என்கிட்ட இருந்துதானே போச்சு" என்றார் மறுபடியும்.

"உங்ககிட்ட பாதி இருக்கலாம். பாதி போதும், குழாய் தெளியும். பாதி வச்சிருக்கிறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி, ரெண்டு பேருகிட்ட இருந்தும் கெட்ட பாதியே பிள்ளைக்கு வந்து சேந்தாத்தான் இப்படி."

"சேத்து வச்சது நான்."

ஜெசிந்தா கையுறை மாவை மேஜையிலிருந்து துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேணி ஓடுறாளே, அந்த ஓட்டம் யாருது சார்?"

"எங்க அக்காது. சின்னதுல அவளைப் பிடிக்க முடியாது. புளியங்காய் திருடிட்டு ஒரே ஓட்டம். மாட்டினது எப்பவும் நான்தான்."

"அக்கா மகன் ஓடுவாரா?"

"ஓடுவான். பல்கலைக்கழக அணிக்கு ஓடினவன் இல்லா."

"அதையும் நீங்கதானே சேத்து வச்சீங்க."

தாணுமாலயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"என்ன செய்யணும், சொல்லு."

"தடுப்பூசி. அவளுக்கு ஆன்டிபாடி நிறைய ஆகும். மாவு இன்னும் அதிகமாப் படியும், வெள்ளையணு இன்னும் சீக்கிரம் விழுங்கும். இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடணும். தினம் பெனிசிலின் மாத்திரை. காய்ச்சல்னு வந்தா, காலையில பாப்போம்னு சொல்லக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. உங்க மகளுக்கும் மருமகனுக்கும் சோதனை. வீட்டுல எல்லாருக்கும் ஊசி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கூட ஒண்ணு நான் செய்யுதேன். வீட்டுல மாடியறையை ஒழிச்சு வச்சிருக்கேன். நல்ல காத்து. யாரும் உள்ள போக மாட்டாங்க. படிப்பு அங்கேயே."

"சாப்பாடு?"

"நான் கொண்டு போய்க் கொடுப்பேன்."

"அந்தக் கிருமி எங்க இருக்கும் தெரியுமா சார்? நல்லா இருக்கிறவங்க தொண்டையில. ஒண்ணும் செய்யாது, சும்மா உக்காந்திருக்கும். உங்க தொண்டையில இருந்தா உங்களுக்கே தெரியாது."

"முகத்துல துணி கட்டிக்கிடுவேன்."

"எத்தனை வருஷத்துக்கு?"

ஆனாலும் அவர் அறையை விடவில்லை. பிடிவாதக்காரர்.

வேணி வீட்டுக்குப் போனாள். மாடியறைக்குத்தான் போனாள். உடம்பு தேறும்வரைக்கும் என்று சொல்லி வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தாணுமாலயன் அவளைத் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். அதன்பிறகு முகாம் நெருங்கியது. முகாமைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. வேணியும் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சத்தம் போடும் பிள்ளை சத்தம் போடாமல் மாத்திரையை விழுங்கிவிட்டு, கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது.

"சார், கொஞ்சம் ஊசி போட ஆள் தேவை. வர முடியுமா? வேணியையும் கூட்டிட்டு வாங்க."

"எத்தனை பேருக்கு?"

"ஒரு அணி."

போனார். ஊசி அறை வாசலில் அணிப் பிள்ளைகள் எல்லாரும் விளையாட்டுச் சட்டையோடு நின்றார்கள். பயிற்சி தரும் டீச்சரும் நின்றார். ஜெசிந்தா அவர்கள் வீடுகளில் எல்லாம் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார். வேணி காரிலிருந்து இறங்கி ஓட்டமாக ஓடிப் போய் அவர்களுக்கு நடுவில் மறைந்துபோனாள். கூச்சல் கிளம்பியது.

"இவங்களுக்கு எதுக்கு ஊசி?" என்றார் தாணுமாலயன்.

"இவங்க தொண்டையில அந்தக் கிருமி உக்காராம இருக்க."

"நான் இன்னும் முகாமுக்கு அனுப்புதேன்னு சொல்லல்லியே."

"நீங்க சொல்லல்ல. இவங்களாத்தான் கேட்டாங்க, வேணிக்கு என்ன இல்லைன்னு. சொன்னேன்."

தாணுமாலயன் கையைக் கழுவினார். ஊசியை எடுத்தார். முதலில் ஷைனி வந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"வலிக்குமா தாத்தா?"

"வலிக்கும்."

"எங்கம்மா வலிக்காதுன்னாங்க."

"உங்கம்மாவா போடுறா? நான் போடுதேன். வலிக்கும். போட்டாச்சு, போ."

கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "சும்மா சொல்லுதாரு. வலிக்கல்ல" என்றாள். அடுத்தது பவிஷா. அடுத்தடுத்து எல்லாரும் வந்தார்கள். கடைசியாக டீச்சர் வந்தார்; அவர்தான் அதிகம் பயந்தார். ஒருத்தியும் எதற்கு என்று கேட்கவில்லை. போட்டுக்கொண்டு, பஞ்சை அழுத்திக்கொண்டு, முற்றத்துக்கு ஓடினார்கள்.

வேலை முடிந்து தாணுமாலயன் வெளியே வந்து நின்றார். பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒருத்தி முகம் இந்தப் பக்கம், அடுத்தவள் முகம் அந்தப் பக்கம். வேணி அந்த வரிசையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். துரத்தினவள் கையை நீட்டினாள். கை எட்டும் நேரத்தில் வேணி வளைந்து அடுத்த பக்கம் போய்விட்டாள். நோயில் கிடந்த உடம்பு. மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டேதான் வாங்கியது.

ஜெசிந்தா வந்து பக்கத்தில் நின்றார்.

"ஊசி போட்டாச்சு. மாத்திரை கொடுத்தாச்சு. காய்ச்சல் வந்தா உடனே கொண்டு வரணும்னு அந்த டீச்சருக்கும் சொல்லியாச்சு" என்றார் தாணுமாலயன், தனக்குத்தானே எண்ணிப் பார்ப்பவர் போல. "எல்லாம் சரி ஜெசிந்தா. அந்த ஒண்ணு இல்லை இல்லா. அது இல்லாத பிள்ளையை எப்படி ஓட விட?"

"அது இல்லாமத்தான் சார் இத்தனை வருஷம் ஓடியிருக்கா."

தாணுமாலயன் முற்றத்தில் இறங்கினார். ஆட்டம் நின்றது. வேணி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய ஒரு காலில் ஷூ நாடா அவிழ்ந்து மண்ணில் இழுபட்டது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து அதைக் கட்டினார். வயிறு தைத்துக் கடைசியில் போடும் முடிச்சு. எவ்வளவு ஓடினாலும் அவிழாது.